உங்கள் டாக்டரின் தகுதியை யார் சரிபார்க்கிறார்கள்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறோம் என்றால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்காவது மோதியதா, முன்பு யார் வைத்திருந்தார் என்றெல்லாம் துருவிப் பார்க்கிறோம். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கையோடு அழைத்துப் போகிறோம். அதே நாம் வயிற்றைக் கிழித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திடும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிப் பேனாவை எடுத்துவிடுகிறோம்.

இதில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாமல் மருத்துவம் நடக்காது. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் கொடுத்ததுதான் மருந்து. டாக்டர் எப்போதாவது ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். டிரஸரை நம்பித்தான் பிரசவமும் பார்த்தார்கள், மலேரியாவுக்கும் மருந்து குடித்தார்கள். அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. ஆனால் இன்றைய மருத்துவமனை அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி அல்ல. அங்கு நூறு டாக்டர்கள் இருக்கலாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில் படித்தவராக இருக்கலாம். இவர் இதைச் செய்யலாம், அவர் அதைச் செய்யக்கூடாது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். யார் அவர், எப்படி முடிவு செய்கிறார், முடிவு தவறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பதிவு வேறு, அனுமதி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பட்டம் ஒருவரை மருத்துவராக்கிவிடாது. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பட்டம் பெற்று வந்தவருக்கு முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் பயிற்சி மருத்துவராக, அதாவது ஹவுஸ்மேனாக, மட்டுமே வேலை செய்யலாம். பயிற்சி முடிந்த பிறகே முழுப் பதிவு. முழுப் பதிவு பெற்றவரும் ஒவ்வோர் ஆண்டும் தொழில் செய்வதற்கான சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அது டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும்.

இது நாட்டின் கதவு. இதைத் தாண்டியவர் மருத்துவர். ஆனால் மருத்துவமனைக்கு இன்னொரு கதவு இருக்கிறது. அதைப் பற்றித்தான் பொதுமக்களுக்கு அதிகம் தெரிவதில்லை.

'டி' லைசென்ஸ் வைத்திருப்பவர் கார் ஓட்டலாம். அதை வைத்துக்கொண்டு நாற்பது பயணிகளை ஏற்றிய எக்ஸ்பிரஸ் பஸ்ஸை ஓட்டிவிட முடியுமா? அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அது கையில் இருந்தாலும், பஸ் கம்பெனி அவரை ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லும். இதற்கு முன் வேலை செய்த கம்பெனியில் விசாரிக்கும். மருத்துவத்திலும் அப்படித்தான். அறுவை நிபுணர் என்ற பெயர் ஒன்றுதான், அதற்குள் நூறு வகை வேலை இருக்கிறது. குடலிறக்கத்தைச் சரிசெய்வதில் கைதேர்ந்தவருக்குக் கணையத்தில் கைவைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே ஒழுங்காக நடக்கும் மருத்துவமனை ஒரு டாக்டரைச் சேர்க்கும்போது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அவர் சொல்வது உண்மையா என்று பார்ப்பது. இதைத் தகுதிச் சரிபார்ப்பு என்று சொல்லலாம். இரண்டு, இந்த மருத்துவமனையில் அவர் இன்னின்ன சிகிச்சைகளைச் செய்யலாம் என்று பட்டியலிட்டு அனுமதி தருவது. இதைச் செயலுரிமை என்று வைத்துக்கொள்வோம்.

தகுதிச் சரிபார்ப்பில் முக்கியமான விதி, சான்றிதழை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது என்பது. பட்டம் தந்த பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்க வேண்டும். வேறு நாட்டில் வேலை செய்தவர் என்றால் அந்நாட்டு மருத்துவ மன்றத்திலிருந்து நன்னிலைச் சான்றிதழ் வர வேண்டும். இவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை, லைசென்ஸில் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அது சொல்லும். அதுவும் அந்த மன்றத்திலிருந்து நேராக வர வேண்டும், டாக்டரின் பெட்டிக்குள் அல்ல. இதெல்லாம் சந்தேகப் புத்தி என்று சிலருக்குத் தோன்றும். ஏன் இந்த விதி வந்தது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பண்டபெர்க்கில் நடந்தது

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே, பண்டபெர்க் என்று ஓர் ஊர். கரும்புத் தோட்டங்களுக்கும் ரம் மதுவுக்கும் பெயர் பெற்றது. நகரத்து டாக்டர்கள் அங்கே வர மாட்டார்கள். அரசாங்க மருத்துவமனையில் அறுவை நிபுணர் இடம் காலியாகவே கிடந்தது. இப்படி ஆள் கிடைக்காத ஊர்களுக்கு வெளிநாட்டு டாக்டர்களைச் சற்றுத் தளர்வான விதிகளின் கீழ் எடுக்க அங்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த வழியில் 2003-இல் ஜெயந்த் பட்டேல் என்பவர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். குஜராத்தில் படித்தவர். அமெரிக்காவில் நெடுங்காலம் தொழில் செய்தவர்.

அவர் சொல்லாமல் விட்டது என்ன? 2000-ஆம் ஆண்டில் ஒரிகன் மாநில மருத்துவ வாரியம் அவருடைய தொழிலுக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. கல்லீரல், கணையம் சம்பந்தப்பட்ட அறுவைகளை அவர் செய்யக்கூடாது. சிக்கலான வேறு அறுவைகளுக்கு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும். 2001-இல் நியூயார்க் லைசென்ஸை அவர் ஒப்படைத்துவிட்டார். ஒரிகனிலிருந்து வந்த சான்றிதழில் இவர்மீது ஓர் உத்தரவு பதிவில் இருக்கிறது, இணைப்பைப் பார்க்கவும் என்ற குறிப்பே இருந்தது. இணைப்பு மட்டும் இல்லை. குவீன்ஸ்லாந்து மருத்துவ வாரியத்தில் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தவர்கள் யாரும் 'இணைப்பு எங்கே?' என்று கேட்கவில்லை.

சரி, நாட்டின் கதவு ஏமாந்துவிட்டது. மருத்துவமனையின் கதவாவது காப்பாற்றியிருக்க வேண்டும் அல்லவா? அங்கே தகுதியையும் செயலுரிமையையும் பரிசீலிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்பது விதி. அவரை அந்தக் குழு ஒருமுறைகூட மதிப்பிடவில்லை. குவீன்ஸ்லாந்தில் நிபுணராகப் பதிவு பெறாத அவர், வந்த சில நாட்களிலேயே அறுவைப் பிரிவின் தலைவராக்கப்பட்டார். கட்டுப்பாடுள்ள அதே வகைப் பெரிய அறுவைகளை, அதற்குப் போதிய தீவிர சிகிச்சை வசதி இல்லாத அந்தச் சிறிய மருத்துவமனையில் செய்யத் தொடங்கினார்.

இதை முதலில் உணர்ந்தவர் யார் தெரியுமா? ஒரு தாதி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த டோனி ஹாஃப்மன். அறுவை முடிந்து தம் பிரிவுக்கு வரும் நோயாளிகளின் நிலை சரியில்லை என்று அவர் மேலிடத்தில் பலமுறை முறையிட்டார். நிர்வாகம் அதை இருவருக்கிடையே ஒத்துப்போகாத குணப் பிரச்சினையாகவே பார்த்தது. பட்டேல் நிறைய அறுவைகள் செய்தார், காத்திருப்போர் பட்டியல் குறைந்தது, மருத்துவமனைக்கு மானியம் வந்தது. நல்ல வருமானம் தரும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார் யார்? கடைசியில் அந்தத் தாதி தம் தொகுதி மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார். 2005 மார்ச்சில் விஷயம் சட்டமன்றத்தில் வெளியானது. அடுத்த மாதம் ஒரு பத்திரிகை நிருபர் கூகளில் பட்டேலின் பெயரைத் தட்டிப் பார்த்தார். ஒரிகன் உத்தரவு கண்முன் வந்து நின்றது. இரண்டாண்டுகளாக ஓர் அரசு இயந்திரம் செய்யாத வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது!

பிறகு விசாரணை ஆணையம், நாடு கடத்தல், வழக்கு என்று அது நீண்டது. 2010-இல் மூன்று மரணங்களுக்காகக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2012-இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2013-இல் மோசடிக் குற்றங்களை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். அதாவது கடந்த காலத்தை மறைத்துப் பதிவும் வேலையும் பெற்றது. இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு மரணத்திற்கு இன்னார்தான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகமிகக் கடினம். காகிதத்தை முதல் நாளே சரியாகப் படிப்பது சுலபம்.

கை பழக வேண்டும்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம்மவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பழமொழியின் மூலவடிவம் 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பாரும் உண்டு. அந்த ஆராய்ச்சி இருக்கட்டும். கை பழக வேண்டும் என்பது மட்டும் உண்மை. கேள்வி என்னவென்றால், யாருடைய உடம்பில், யாருடைய கண்காணிப்பில் பழகுவது?

பித்தப்பையில் கல் வந்தால் இன்று வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, பித்தப்பையை எடுத்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த முறை 1980-களின் இறுதியில் பரவத் தொடங்கியபோது நோயாளிகளே கேட்டு வாங்கினார்கள். அதுவரை வயிற்றைத் திறந்து செய்துவந்த அறுவை நிபுணர்கள், வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்து திங்கட்கிழமை இதைச் செய்ய ஆரம்பித்தார்கள். எல்லாரும் முழுத் தகுதி பெற்ற நிபுணர்கள்தான், போலி யாருமில்லை. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு நீண்ட கருவியால் வேலை செய்வது கைக்குப் புதிது. பித்தநாளம் தவறுதலாக வெட்டுப்பட்ட சம்பவங்கள் பெருகின. 1992-இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை தலையிட்டு, ஒரு நிபுணர் இதைத் தனியாகச் செய்ய அனுமதி பெறுமுன் குறைந்தது 15 அறுவைகளை மேற்பார்வையின் கீழ் செய்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியது.

செயலுரிமை என்பதன் பொருள் இதுதான். பட்டத்தைப் பார்த்து முழு உடம்பையும் எழுதிக் கொடுத்துவிடாமல், வேலை வேலையாகப் பார்த்து அனுமதி தருவது. அந்த அனுமதிக்கும் காலக்கெடு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, எத்தனை செய்தார், எத்தனையில் சிக்கல் வந்தது, புதிதாக என்ன கற்றார் என்று பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டே இரண்டு செய்கிறவருக்கு அந்த அனுமதி தொடர வேண்டுமா என்று குழு கேட்கத்தான் வேண்டும்.

நம் நாட்டுத் தனியார் மருத்துவமனைகள் 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அது 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அங்கு வேலை செய்யும் டாக்டர்களைக் கொண்ட மருத்துவ ஆலோசனைக் குழு ஒன்று ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். டாக்டர்களின் தகுதி, சிகிச்சைத் தரம் பற்றி நிர்வாகத்திற்கு ஆலோசனை சொல்வது இப்படிப்பட்ட குழுக்களே.

காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டு சங்கடங்கள் உண்டு. தனியார் மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டுவருவதே நிபுணர்கள்தாம். அதிக வருமானம் தரும் ஒருவரிடம், "ஐயா, இந்த அறுவையை நீங்கள் இனிமேல் செய்ய வேண்டாம்" என்று சொல்ல ஒரு நிர்வாகிக்குத் துணிச்சல் வர வேண்டும். சிறிய ஊராக இருந்தால் இன்னொரு சங்கடம். ஒரே துறையில் இரண்டே இரண்டு டாக்டர்கள். ஒருவரை மற்றவர் மதிப்பிட வேண்டும். அவர்கள் நண்பர்களாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். போட்டியாளர்களாக இருந்தால் நியாயமாகச் சொன்னாலும் பொறாமை என்பார்கள். வெளியூரிலிருந்து அதே துறை மூத்தவர் ஒருவரை அழைத்துக் கோப்புகளைப் பார்க்கச் சொல்வதுதான் வழி. அதற்குச் செலவு ஆகும். ஆகட்டுமே!

மருத்துவமனைக்குப் பொறுப்பு உண்டா?

இந்த இடத்தில் சட்டம் அண்மையில் பெரிய திருப்பம் கண்டிருக்கிறது. தனியார் மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் நிபுணர் பெரும்பாலும் அந்த மருத்துவமனையின் ஊழியர் அல்ல. அங்கே அறை எடுத்துத் தொழில் நடத்தும் சுதந்திர மருத்துவர். பில் மட்டும் ஒன்றாக வரும். அதனால் ஏதாவது தவறு நடந்து வழக்குப் போட்டால், "அவர் எங்கள் ஊழியர் அல்லர், நாங்கள் இடமும் கருவியும் மட்டுமே தந்தோம்" என்று மருத்துவமனை ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கிலும் மருத்துவமனைக்குச் சாதகமாகவே முடிவு வந்தது.

2024 பெப்ரவரியில் நிலைமை மாறியது. தொண்டை அறுவை செய்துகொண்ட ஒருவர், சில நாட்கள் கழித்து இரத்தக் கசிவோடு 2010-இல் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தார். அங்கு ஏற்பட்ட சிக்கலில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் மருத்துவமனையைப் பொறுப்பாக்கவில்லை. கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை மாற்றியது. நோயாளி மருத்துவமனையை நம்பி வருகிறார். அவரைப் பேணும் கடமை மருத்துவமனைக்கே உரியது. அந்த வேலையைச் சுதந்திர மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டதால் கடமை கைமாறிவிடாது என்பது அதன் சாரம். பாதிக்கப்பட்டவரின் குடும்பம் பதினான்கு ஆண்டுகள் போராடிப் பெற்ற தீர்ப்பு அது. அதற்குப் பிறகு, டாக்டரின் தகுதியைச் சரிபார்ப்பது வெறும் சம்பிரதாயம் என்று எந்த மருத்துவமனை இயக்குநரும் நினைக்க முடியாது. அலட்சியத்திற்கு விலை அவர் கணக்கிலும் ஏறும்.

நடத்தை

திறமை ஒன்று, நடத்தை இன்னொன்று. மலேசிய மருத்துவ மன்றம் 1986-இல் வகுத்த தொழில் நடத்தை நெறி, தவறுகளை நான்கு வகையாகப் பார்க்கிறது: கடமையைப் புறக்கணித்தல், தொழில் சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தல், தொழிலுக்கு இழுக்குச் சேர்த்தல், விளம்பரம் தேடுதல். அந்நெறி பின்னர் 2019-இல் திருத்தப்பட்டது. நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவது, நோயாளியோடு தகாத உறவு கொள்வது, பொய்யாக மருத்துவ விடுப்புச் சீட்டு எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். ஆம், அந்த 'எம்.சி.' சீட்டும்தான்! கேட்டதும் எழுதித் தரும் டாக்டரை நல்லவர் என்று நாம் சொல்கிறோம், மன்றம் அப்படிச் சொல்வதில்லை. பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது தாதி உடனிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது டாக்டருக்கும் பாதுகாப்பு.

சட்டத்தில் எழுத முடியாத நடத்தையும் இருக்கிறது. அறுவைக்கூடத்தில் கத்தியைத் தூக்கி எறிபவர், தாதிகளை வாய்க்கு வந்தபடி ஏசுபவர், இரவில் அழைத்தால் சீறி விழுபவர். 'பெரிய டாக்டர், அப்படித்தான் இருப்பார்' என்று விட்டுவிடுகிறார்கள். விளைவு என்ன? அடுத்த முறை நோயாளியின் இரத்த அழுத்தம் இறங்கும்போது, அந்த இளம் தாதி போனை எடுக்கத் தயங்குகிறார். அந்த அரை மணி நேரத் தயக்கத்தில் ஓர் உயிர் போகலாம். பிரிட்டனில் பிரிஸ்டல் நகரக் குழந்தைகள் இருதயப் பிரிவில் நடந்ததும் இந்த வகைதான். மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் 1988-இல் அங்கு வந்து, இறப்பு அதிகமாக இருப்பதைக் கவனித்து, கணக்கெடுத்துச் சொன்னார். மூத்தவர்கள் காது கொடுக்கவில்லை. 2001-இல் வந்த விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் வரை அதிகமாக இறந்திருக்கக்கூடும் என்று சொன்னது. போல்சின் அதற்குள் நாட்டை விட்டே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். உண்மை சொன்னவர்தான் ஊர் மாற வேண்டியிருந்தது!

பிள்ளையை டாக்டராக்க நினைக்கும் பெற்றோருக்கு

இதைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் என்னை விடமாட்டீர்கள். நம் சமூகத்தில் பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற ஆசை இல்லாத வீடு குறைவு. வீட்டை அடகு வைத்து, ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்பியிருக்கிறோம். 2005-இல் கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கான அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அறிவிப்பு வந்தபோது எவ்வளவு பெரிய கொந்தளிப்பு எழுந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அங்கு நம் பிள்ளைகள் நிறையப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே முகவர் தரும் வண்ணப் புத்தகத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவ மன்றத்திடமே கேளுங்கள். எந்த ஆண்டுச் சேர்க்கை வரை என்றும் கேளுங்கள்.

பட்டம் முடிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. ஹவுஸ்மேன் பயிற்சி முன்பு ஓராண்டாக இருந்தது. 2008 முதல் இரண்டாண்டு. ஆறு பிரிவுகளில், ஒவ்வொன்றிலும் நான்கு மாதம் என்பது கணக்கு. ஒரு பிரிவில் போதிய திறமை காட்டாவிட்டால் அங்கேயே காலம் நீட்டிக்கப்படும். தனியார் மருத்துவக் கல்லூரிகள் பெருகி, பட்டதாரிகள் குவிந்தபோது, ஒரே வார்டில் ஏராளமான பயிற்சி மருத்துவர்கள் நின்றார்கள். நோயாளி ஒருவர், கற்க வேண்டியவர்கள் பலர். 2011-இல் அரசாங்கம் புதிய மருத்துவப் படிப்புகளை ஐந்தாண்டுகளுக்கு நிறுத்தி வைத்ததற்கு இது முக்கியக் காரணம். 2016 டிசம்பர் முதல் ஒப்பந்த முறை வந்தது. நிரந்தர வேலையும் நிபுணத்துவப் பயிற்சி வாய்ப்பும் நிச்சயமில்லை என்ற குறையோடு, 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுவதும் வேலையிடத்தை விட்டு வெளிநடப்புச் செய்ததைப் பார்த்தோம். 2022 ஏப்ரலில் பினாங்கில் பயிற்சி மருத்துவர் ஒருவர் மரணமடைந்த பிறகு, பகடிவதையும் வேலைப் பண்பாடும் பற்றி ஆராயச் சுகாதார அமைச்சு ஒரு சிறப்புப் பணிக்குழுவை அமைத்தது.

"எங்கள் காலத்தில் நாங்கள் திட்டு வாங்கித்தான் படித்தோம்" என்று மூத்த டாக்டர்கள் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தூக்கமில்லாமல் முப்பது மணி நேரம் நின்ற ஒருவரின் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு, அவர் கவனக்குறைவானவர் என்று சொல்வது நியாயமாகாது. கண்டிப்பு வேண்டும். தவறை அந்த இடத்திலேயே சுட்டிக்காட்ட வேண்டும். ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் அவமானப்படுத்தினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை சந்தேகத்தைக் கேட்காமல் தானே முடிவெடுக்கும். அந்த முடிவு நம் தாயின் மீதோ தந்தையின் மீதோ விழும்.

நிபுணர் பயிற்சியிலும் சிக்கல் உண்டு. உள்நாட்டுப் பல்கலைக்கழக முதுநிலைப் பட்டம் ஒரு வழி. வெளிநாட்டு ராயல் கல்லூரிகளின் தேர்வெழுதி, இங்குள்ள மருத்துவமனையிலேயே பயிற்சி பெறுவது இணைவழி. எடின்பரோ ராயல் கல்லூரியின் இருதய அறுவைத் தகுதியை இணைவழியில் பெற்றவர்களுக்கு நிபுணர் பதிவு மறுக்கப்பட்டு, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூலையில் மக்களவை மருத்துவச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது இதற்கு வழி காணத்தான். தகுதியைக் கறாராகப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்ன நான், இதையும் சொல்ல வேண்டும்: இருதய அறுவைக்கு மக்கள் காத்துக்கிடக்கும் நாட்டில், முழுப் பயிற்சி பெற்றவரைக் காகிதக் காரணத்துக்காக வெளியே நிறுத்துவதும் நோயாளிக்குச் செய்யும் தீங்கே.

நேயர்களின் கேள்விகள்

'நிபுணர் என்று போர்டில் போட்டிருந்தால் நம்பலாமா?' என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தேசிய நிபுணர் பதிவேடு 2006-இல் தொடங்கியபோது விருப்பப் பதிவாகத்தான் இருந்தது. 2012-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் 2017 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்ததும் அது கட்டாயமாகிவிட்டது. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் நிபுணராகத் தொழில் செய்ய முடியாது. அம்மா, இணையத்தில் நீங்களே பெயரைத் தட்டிப் பார்க்கலாம். டாக்டரின் பதிவையும் ஆண்டுச் சான்றிதழையும் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். உங்கள் மகளையோ பேரனையோ உட்கார வைத்தால் ஐந்து நிமிட வேலை.

'டாக்டரிடமே கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?' என்பது இன்னொரு கேள்வி. கேட்கும் விதம் இருக்கிறது. "டாக்டர், இந்த அறுவையை நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா? என்னென்ன சிக்கல் வரலாம்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இது உங்கள் உரிமை. ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கடமையை, மற்ற டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. கோபித்துக்கொள்ளும் டாக்டரிடம் அவசரமில்லாத அறுவையைச் செய்துகொள்ள வேண்டுமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அழகு சிகிச்சை பற்றிப் பல கேள்விகள். ஊசி போட்டு முகச் சுருக்கம் நீக்குவது, கொழுப்பை உறிஞ்சி எடுப்பது எல்லாம் மருத்துவம், ஒப்பனை அல்ல. அழகுக்கலை சிகிச்சை செய்யும் பொது மருத்துவர்களுக்குச் சுகாதார அமைச்சு தனியாகத் தகுதி, செயலுரிமைக் கடிதம் வழங்குகிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். அழகு நிலையத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை. 2020 அக்டோபரில் கோலாலம்பூர், செராசில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன 23 வயதுப் பெண் உயிரிழந்தார். விலை மலிவு என்று போகிறார்கள். பதிவில்லாத கிளினிக் நடத்துபவருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ சட்டத்தில் உண்டு. போன உயிருக்கு அது ஈடாகுமா?

கடைசியாக, புகார் செய்வது எப்படி என்று ஈப்போவிலிருந்து ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஐயா, முதலில் மருத்துவமனையிடமே எழுத்துமூலம் கொடுங்கள். தனியார் மருத்துவமனை நோயாளியின் குறைகளை விசாரிக்க ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்பதை அன்றன்றே குறித்து வையுங்கள். மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். குற்றம் உறுதியானால் கண்டிக்கவும், தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்யவும், பெயரையே நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் மன்றம் உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தராது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். அங்கே காலக்கெடு இருப்பதைப் பலர் அறியாமல் உரிமையை இழக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் டாக்டர், தனியார் மருத்துவமனை என்றால் பொதுவாக ஆறு ஆண்டுகள். அரசாங்க மருத்துவமனை என்றால் 36 மாதங்கள் மட்டுமே. மன்றத்தின் பதில் வரட்டும் என்று காத்திருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வழக்குரைஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.